தோண்டிய மண்ணும் மாமியின் குகையும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மயிலாப்பூரின் அந்த வீட்டில் நீங்கள் இல்லை என்பதை நான் அறிவேன். அதனால்தான் அழைக்கிறேன். அங்கே இருந்த மற்ற மூவரும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். காப்பியின் மேல் ஏடு படிந்தது பாலின் குற்றம் என்கிறார் ஒருவர். காப்பி ஆறவே இல்லை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்று சாதிக்கிறார் இன்னொருவர். மூன்றாமவன் காப்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிரிக்கத் தொடங்கிவிடுகிறான். அன்று ஆட்டம் முடியும்வரை நான் வாயே திறக்கவில்லை என்ற ஒன்றில் மட்டும் மூவருக்கும் ஒத்த கருத்து. அதை ஏதோ சூரிய கிரகணத்தைக் கண்டது போல ஊரெல்லாம் சொல்லி வருகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பின்னால் எவராவது கேட்டால், நீங்கள் அருகில் நின்று பார்த்தது போலவே சொல்லுங்கள்.

அப்போது நான் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன்; தமிழ் மன்றத்தின் முதல் பேச்சாளன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒட்டியும் பேசுவான், வெட்டியும் பேசுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். அடையாற்றிலிருந்து பேருந்தில் வரும்போது ஆற்றுப் பாலம் கடப்பதற்குள் ஒரு முன்னுரையை முணுமுணுத்து முடித்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் இடம் மாறி அமர்வது வழக்கம்.

என் நண்பன் எனக்கு நேர்மாறானவன். கணிதம் படித்தான். நான்கு பேர் கூடிய இடத்தில் பெயரைக் கேட்டால்கூடச் சற்று யோசித்துத்தான் சொல்வான். பேச வேண்டியதையெல்லாம் அவன் கணினியிடம் பேசினான். அந்தக் கணினி அவனுடையதன்று. ஆடிட்டராகிய அவன் தந்தையுடையது. வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். வார நாட்களில் எழுத்தர்கள் அதில் பிறருடைய வரவு செலவுகளைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதன் துணி உறையை நீக்க என் நண்பனுக்கு அனுமதி உண்டு.

அதில்தான் அவன் தன் ஆட்டத்தை எழுதிவந்தான். தொலைவிலுள்ள ஒரு கோளில் ஒரு கப்பல் இறங்குகிறது. அதில் ஒரு சிறு கூட்டம் குடியேறிகள். திரும்பிப் போக எரிபொருள் இல்லை. வெளியே குளிர், அடிக்கடி புழுதிப் புயல். இவர்களுக்கு மூச்சும் சோறும் கூரையும் கொடுத்து உயிரோடு வைத்திருப்பதுதான் ஆட்டம். படங்கள் கிடையாது. மனிதன் ஒரு புள்ளி, மண் ஒரு கட்டம், கதவு ஒரு சிறு கோடு. எண்டர் விசையைத் தட்டினால் அந்தக் கோளில் ஒரு நாள் கழியும். தரைக்கு மேலே கண்ணாடிக் கூடம் கட்டிச் சூரிய ஒளியில் பயிர் வளர்க்கலாம். அல்லது தரையைத் தோண்டிக் கீழே குடியேறலாம். மேலா கீழா என்று ஆடுபவர் ஒவ்வொரு நாளும் தடுமாற வேண்டும் என்பது அவன் கனவு.

அந்தக் கனவில் முதல் கல்லை எறிந்தவர் அவனுடைய தாயார். நான் அவரை மாமி என்றுதான் அழைப்பேன். ஆடிட்டரை மாமா என்று அழைக்கும் துணிவு எனக்கு வந்ததில்லை, அவர் எப்போதும் சார்தான்.

மாமி முதல் நாளே தரையைத் தோண்டினார். எல்லாரையும் உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்தினார். அவ்வளவுதான்.

"வெளியில புயல் அடிக்கறதுன்னா கதவைச் சாத்திண்டு உள்ள இருக்க வேண்டியதுதானேடா? இதுக்கு ஒரு யோசனையா?"

"சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவா?" என்றான் நண்பன். "கீழ இருட்டு. காளான்தான் வளரும்."

"காளானா? இந்தாத்துல காளான் கிடையாது. வேற ஏதாவது போடு."

"இருட்டுல வேற எதுவும் வளராதும்மா."

"அந்த ஊர்ல என்ன வளரும்னு நீ போய்ப் பார்த்தியா? கீரைன்னு போடு."

காளான் அழிந்தது, ஆங்கில எழுத்துகளில் கீரை முளைத்தது. ஒளியின்றிக் கீரை வளர்வதன் அறிவியல் பொருத்தமின்மை குறித்து நான் சில சொற்கள் கூறினேன். "நீ சாப்பிட வரப்போறியா அங்க?" என்று மாமி கேட்டார். அத்துடன் அந்த விவாதம் முடிந்தது.

அதன்பின் மாமியின் குகை வளர்ந்தது. சமையலறை தோண்டினார், பூஜை அறை தோண்டினார், ஊறுகாய் ஜாடிகளுக்கென்று தனியாக ஓர் அறை தோண்டினார். மேலே புயல்கள் வந்தன, போயின. கீழே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புயல் தரைக்கு மேலேதான் அடிக்கும், மண்ணுக்கடியில் குளிரும் இறங்காது என்று என் நண்பன் எழுதிவைத்திருந்தான். ஆகவே கீழே போனவர் பிழைத்தார். மேலே கட்டியவர் மாண்டார். இதைக் கண்டுகொண்ட பிறகு எவர்தாம் மேலே கட்டுவார்?

"இது கேமே இல்ல மச்சி," என்றான் நண்பன், தலையில் கைவைத்துக்கொண்டு. "ரிடையர்மென்ட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் முன்னறைக்கு வந்தார். மாமி தரையில் அரிவாள்மணை முன் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விசைப்பலகை பக்கத்து முக்காலிக்கு இறக்கப்பட்டிருந்தது. நான்கு காய்க்கு ஒருமுறை இடக்கையின் ஒரு விரல் எண்டரைத் தட்டியது.

"என்ன பண்ணிண்டிருக்கே?"

"குடித்தனம்."

"காய் நறுக்கிண்டேவா?"

"என்ட்டர் அடிக்க ஒரு விரல் போறுமே. நன்னா இருக்கா எல்லாரும்."

சார் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பட்டப்படிப்பு முடிந்ததும் மகன் தம்மிடமே ஆர்ட்டிகிள்ஸ் என்னும் பயிற்சியில் சேர்ந்து ஆடிட்டராக வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கான நாற்காலி முன்னறையில் ஏற்கெனவே போடப்பட்டு, யாரும் உட்காராமல் காத்திருந்தது. மகனுக்கோ மேலே கணினி படிக்க வேண்டும்.

"கறிகாய் நறுக்கிண்டே ஆடற ஆட்டம்," என்றார் சார், மெதுவாக. "இதை எழுதறதுக்குத்தான் இன்னும் மூணு வருஷம் படிக்கணுங்கறியா? ஜூன் மாசம் பேசாம அந்த நாற்காலில வந்து உட்காரு."

நண்பன் பதில் சொல்லவில்லை. அவன் சொல்ல மாட்டான். ஆகவே நான் எழுந்தேன். ஓர் ஆட்டத்தின் தகுதியை அதன் குழந்தைப் பருவத்தில் அளப்பது முறையன்று என்று தொடங்கி, விதை, மரம், நிழல் ஆகியவற்றின் வழியாகச் சென்று, "சார், இந்த ஆட்டம் முழுமை பெறும் நாளில் உங்களையே நாற்காலியோடு கட்டிப்போடும்" என்று முடித்தேன். குரலின் ஏற்ற இறக்கம் அன்று மிக நன்றாக அமைந்திருந்தது.

"என்னையா?" என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. பரீட்சை முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்றேன். நாலு மணிக் காப்பிக்கு நான் எழுந்துட்டேன்னா, இவன் ஆர்ட்டிகிள்ஸ். எழுந்திருக்கலேன்னா இவன் இஷ்டப்படி படிக்கட்டும்."

இந்த நிபந்தனையின் கொடுமை வெளியாருக்கு விளங்காது. கணினி மேசையின் பக்கம் ஒரு சொட்டுத் திரவமும் வரக்கூடாது என்பது சார் தாமே இயற்றிய சட்டம். நாலு மணிக் காப்பியைச் சாப்பாட்டு மேசையில், ஆவி பறக்கப் பறக்க, நின்றபடியே குடிப்பது அவர் வழக்கம். வருமானவரிக் கணக்குகளின் கடைசி நாளில்கூட, வாசலில் கணக்குக் கொடுக்க வந்த கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கும்போதுகூட, அந்தக் காப்பி தவறியதில்லை.

"இன்னொண்ணு," என்று என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீ வாயைத் திறக்கப்படாது. நீ பேசினா, ஆட்டம் என்னை உட்கார வெச்சுதா, உன் பேச்சு உட்கார வெச்சுதான்னு தெரியாமப் போயிடும்."

இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வாசற்படியில் இறங்கும்போது நண்பன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"உன்ன யார்றா பேசச் சொன்னது?"

"உனக்காகத்தான்டா பேசினேன்."

"எனக்காகவா? மச்சி, நீ ரெண்டு நிமிஷம் பேசினதுக்கு நான் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதணும்டா!"

மேலே வாழ்வதும் கீழே வாழ்வதும் ஒரே எடையாகும்படி ஆட்டத்தைச் சமன் செய்வதொன்றே வழி என்றேன். சமன் செய்வது என் துறை என்றும் சொன்னேன். ஒரு தலைப்பின் இரு பக்கங்களையும் எடையிட்டுப் பழகியவன் நான். மேலும் கீழும் எனக்கு எம்மாத்திரம்? கீழே குளிரில்லை என்பது ஒரு வாதமானால், கீழே காற்றில்லை என்பது எதிர்வாதம். மேலே ஒளியுண்டு, ஆனால் கண்ணாடி உடையும். கீழே புயலில்லை, ஆனால் விளக்கு வேண்டும். ஒவ்வொரு நன்மைக்கும் அதே எடையில் ஒரு தீமையைத் தேடிப் பிடித்துச் சொன்னேன், நண்பன் எழுதினான். தேர்வுக்குப் படிக்கிறோம் என்ற பெயரில் பல ஞாயிறுகள் இதில் கழிந்தன. இறுதியில் தராசின் முள் அசையாமல் நடுவில் நின்றது. என் வாழ்வில் அதைவிட நேர்த்தியான வாதக் கட்டமைப்பை நான் உருவாக்கியதில்லை.

அதை ஆடிப்பார்க்க எங்கள் அணியின் இரண்டாம் பேச்சாளனை அழைத்து வந்தேன். சைதாப்பேட்டைக்காரன். மேடையில் செந்தமிழில் மறுப்புரை ஆற்றுவான். இறங்கியதும் தன் தெருவின் தமிழுக்குத் திரும்பிவிடுவான். முதலில் மேலே கட்டினான். அடுத்த ஆட்டத்தில் கீழே தோண்டினான். மூன்றாவதில் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு எண்டரை மட்டும் தட்டினான். பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

"இன்னாடா இது?"

"ஏன், எப்படி இருக்கு?"

"மேல கட்னா அன்னிக்கு சாவறான். கீழ பூந்தாலும் அதே அன்னிக்குத்தான் சாவறான். சும்மா தட்டிக்கினு இருந்தேன், அப்பவும் கிட்டத்தட்ட அதே கதைதான். அப்பறம் இன்னாத்துக்கு நைனா நான் மூளையக் கசக்கணும்?"

"இரு பக்கமும் சமமா இருக்கு இல்ல? அதுதான் நோக்கமே."

"அதான் சொல்றேன். உன் பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரியே கீது. குடும்பத்துக்குத் தேவை அன்பா கண்டிப்பா? அன்பும் வேணும், கண்டிப்பும் வேணும், எல்லாரும் வூட்டுக்குப் போய் சாப்டுங்க! அதக் கேட்டுட்டு எவனாவது யோசிச்சுக்கினே வூட்டுக்குப் போயிருக்கானா?"

"நடுநிலைன்றது..."

"நடுநிலை நடுவருக்கு நைனா. ஆடறவனுக்கு எந்தப் பக்கம்னா சாயணும்."

அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் மூன்று கருத்துகள் இருந்தன. மூன்றும் மேடைக்கு உரியவை என்பதால் அவற்றை அங்கே சிந்தவில்லை. உள்ளிருந்து மாமியின் குரல் வேறு வந்தது: "முதல்ல எங்காத்துக் குகைல ஏன் எல்லாருக்கும் மூச்சு முட்டறதுன்னு கேளு அவா ரெண்டு பேரையும்!"

தேர்வுகள் வந்தன. ஆட்டம் அப்படியே கிடந்தது. நண்பன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவன் எவரிடமும் பேசாதவன் என்பதால் இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

அந்த நாட்களில்தான் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தனிவீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். மயிலாப்பூரில் அப்போது தெருவுக்கொரு வீடு இப்படி உயர்ந்துகொண்டிருந்தது. முதலில் தண்ணீர்த் தொட்டிக்காகத் தரையைத் தோண்டினார்கள். குழி இறங்க இறங்க, தெருவில் மண் ஏறியது. முதலில் அது அவர்கள் மதிலோரம் இருந்தது. பிறகு இவர்கள் மதிலோரம் வந்தது. ஒரு திங்கட்கிழமைக் காலை சாரின் ஸ்கூட்டர் வெளியே போக முடியாதபடி வாசல் கேட்டின் மேலேயே மண் சாய்ந்து கிடந்தது. கடைசித் தேர்வுக்குப் படிக்க வந்திருந்த நான், தெருவின் அந்தப் பக்கத்தில் நின்று இந்தப் பக்கத்து விவாதத்தைக் கேட்டேன். ஒரு பக்கம் மாமி, கேட்டுக்கு உள்ளே. மறுபக்கம் மேஸ்திரி, மண்மேட்டின் மேல்.

"இன்னிக்கு எடுத்துட்றோம்மா. லாரி வந்துக்கினே கீது."

"மூணு நாளா வந்துண்டே இருக்கே, அது காசிலேர்ந்தா வரது?"

"டிரைவர் ஆளு ஊருக்குப் பூட்டாம்மா."

"அவன் எங்க வேணா போகட்டும். தோண்டறதுக்கு முன்னாடி மண்ணை எங்க கொட்டறதுன்னு யோசிக்க வேண்டாமா? நீ கீழ தோண்டிண்டே போனா, அது மேல வந்து எங்காத்து வாசலை அடைச்சுக்கறதே! நாங்க எப்படி வெளில போவோம்?"

"மண்ணு பூமிலேர்ந்துதாம்மா வருது. நானா கொண்டாந்தேன்?"

கேட்டுக்குப் பின்னால் சார் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பின்னால் என் நண்பன் நின்றான். மண்மேட்டுக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் எனக்கென்று ஒரு சிரிப்பு இருந்தது.

எங்கள் கோளில் தோண்டிய மண் எங்கும் போகவில்லை. கட்டம் காலியாகும், மண் மறைந்துவிடும். மாமி தம் ஊறுகாய் அறையைத் தோண்டிய மண் எங்கே? பூஜை அறையின் மண் எங்கே? பேச்சுக்கலை பயின்ற நானும் கணிதம் பயின்ற அவனும் இத்தனை நாட்களில் அதைக் கேட்கவே இல்லை.

தேர்வு முடிந்த மறுநாளே உட்கார்ந்தோம். நான் கோத்து வைத்திருந்த எதிர்வாதங்கள் அனைத்தையும் நண்பன் ஒரே மூச்சில் அழித்தான். எனக்குச் சற்று வலித்தது. அவற்றுள் சில எதுகையோடு அமைந்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு விதி நுழைந்தது. ஒரு கட்டம் தோண்டினால் ஒரு கட்டம் மண் வரும். அதை ஆட்கள் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். வாசலருகே கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் புயல் வந்தால் அந்த மண் திரும்பி வந்து கதவையும் காற்றுக்குழாயையும் மூடும். தொலைவில் கொட்டினால் பாதுகாப்பு. ஆனால் சுமக்கிற கைகள் அன்று கீரைக்குத் தண்ணீர் ஊற்றாது. கீழே வாழ்வது இன்னமும் நல்லதுதான். அதில் நாங்கள் கை வைக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அவசரம், மண் எந்தப் பக்கம் என்பதை இனி ஆடுபவர்தாம் தீர்மானிக்க வேண்டும், விளைவும் அவருடையதே.

இனி, சாட்சியாரே, அந்த ஞாயிறு.

சார் வேட்டியும் பனியனுமாக வந்து அமர்ந்தார். நண்பன் அவருக்கு இடப்பக்கம் நின்றான். எனக்கு மூலையில், யாரும் உட்காராத அந்த ஆர்ட்டிகிள்ஸ் நாற்காலியைக் காட்டினார்கள். மாமி ஒரு தட்டு நிறையத் தேன்குழலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "வாய் சும்மா இருந்தாத்தானே பேசும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் திரையைப் படித்தார். எல்லாவற்றையும் இருமுறை படிப்பது அவர் தொழில். "கீழயே போயிடலாம்," என்றார். "குளிருக்கு அடக்கமா இருக்கும்." தோண்டினார். மண் வந்தது.

"இது என்ன?"

"தோண்டின மண்ணுப்பா."

சார் தலையசைத்தார். "ஒரு பக்கம் எடுத்தா இன்னொரு பக்கம் இருக்கத்தானே வேணும். நியாயம்தான்."

அன்று அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் அது. ஆனால் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்ட கையோடு, மண் முழுவதையும் கதவுக்கு வெளியே, காற்றுக்குழாயின் காலடியிலேயே கொட்டச் சொன்னார். தூரம் குறைவு என்றார். நான் தேன்குழலைக் கடித்தேன்.

அடுத்து அவர் கண்ணில் பட்டது கீரை. "இருட்டுல எப்படிடா கீரை முளைக்கும்?"

வாசகரே, இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த விடை என் வாழ்நாளின் சிறந்த விடைகளுள் ஒன்று. அதில் ஓர் உவமையும் இருந்தது. நண்பன் என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

"அம்மாவைக் கேளுங்கோப்பா," என்றான் அவன்.

சார் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்போ சரி," என்று மேலே ஆடினார்.

குகை வளர்ந்தது. வாசலில் மண் வளர்ந்தது. இரண்டும் எனக்கு ஒருசேரத் தெரிந்தன. சாருக்கு உள்ளே இருந்தது மட்டும் தெரிந்தது. ஒருமுறை அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கே? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவருடைய கட்சிக்காரர்கள் ஏன் அவரிடம் பொய் சொல்வதில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது. தேன்குழலால் அடைத்த கன்னத்தோடு தலையை மட்டும் ஆட்டினேன்.

நாலு மணி. மாமி காப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்த சத்தம் கேட்டது. ஆவி பறப்பது எனக்கு மூலையிலிருந்தே தெரிந்தது. "காப்பி" என்றார் மாமி, வழக்கமாகச் சொல்வது போல. சார் அசையவில்லை. திரையில் அடிவானம் புழுதியாகியிருந்தது; புயல் ஒரு நாள் தொலைவில் நின்றது.

தொலைபேசி மணி அடித்தது. அது கணினிக்குப் பக்கத்திலேயே இருந்ததால், எடுப்பதற்கு அவர் எழ வேண்டியிருக்கவில்லை. இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கட்சிக்காரர் பேசினார்.

"அப்புறம் பேசறேனே," என்றார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க புயல் வந்துண்டிருக்கு... ஆமா, ஆமா, புயல்தான். வாசல் பூரா மண்ணு." வைத்துவிட்டார். உடனே மறுபடி மணி அடித்தது. அந்தக் குரல் மூலையில் இருந்த எனக்கே கேட்டது: "சார், இங்க வெயில் மண்டையப் பொளக்குது சார்! மயிலாப்பூர்ல மட்டும் எப்படிப் புயலு?" சார் ரிசீவரை மேசை மேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு எண்டரைத் தட்டினார்.

புயல் அடித்தது. வாசலில் குவிந்த மண் கதவை மூடியது, காற்றுக்குழாயை மூடியது. அடுத்த எண்டரில் சில புள்ளிகள் மறைந்தன, அதற்கடுத்ததில் எல்லாமும். திரை, மீண்டும் ஆடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

சார் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றினார். எழுந்திருக்கும் மனிதர் ஊன்றுவது அப்படித்தான். என் நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். நான் தேன்குழலை மெல்வதை நிறுத்தினேன்.

சார் உடலைச் சற்றே தூக்கினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதிலேயே அமர்ந்தார்.

"அநியாயம்! நானா வாசல்ல கொண்டுபோய்க் கொட்டினேன்?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார். "பக்கத்தாத்துக்காரனை அன்னிக்கு மனசுக்குள்ள என்னெல்லாம் திட்டினேன்... எங்கடா, மறுபடி எப்படி ஆரம்பிக்கறது?"

நண்பன் கண்ணைத் திறந்தான். எந்த விசை என்று விரலால் காட்டினான்.

இம்முறை சார் தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்கு இடம் குறித்தார். புயல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, மறுபக்கம் கொட்டச் சொன்னார். ஆட்கள் போதவில்லை, கீரை வாடியது, திட்டினார். சமையலறையிலிருந்து "காப்பி ஆறிண்டிருக்கு" என்று ஒரு குரல் வந்தது. பிறகு "ஆறிடுத்து" என்று வந்தது. பிறகு மாமி அதைச் சொல்வதையே விட்டுவிட்டு, வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"விளக்கேத்தணும், எழுந்திருங்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் சார் எழுந்தார். நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், ஏடு படிந்த காப்பியை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தார். "பால் சரியில்லை," என்றார். திரும்பி வரும்போது மூலையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். "இதுக்கு வேற பையனைத்தான் பார்க்கணும் போலிருக்கு," என்று யாரிடமும் சொல்லாமல் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

என் நண்பன் மிச்சமிருந்த தேன்குழல் முழுவதையும் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றான்.

விளக்கேற்றி முடித்த மாமி, சாரின் காலி டம்ளரும் கரண்டியும் கையோடு, வழக்கம்போலத் தம் குடித்தனத்தைப் பார்க்க அமர்ந்தார். தோண்டினார், கதவைச் சாத்தினார், எண்டரைத் தட்டினார். சற்று நேரத்தில் அவர் விரல் நின்றது.

"என் வாசல்ல யார் மண்ணைக் கொட்டினது?"

சார் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நிபந்தனையின் காலம் முடிந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"மாமி, இந்த விதியை இயற்றியவர்கள் நாங்கள் அல்லர். அன்றொரு திங்கட்கிழமை, கேட்டருகே நின்று, மேஸ்திரியை நோக்கித் தாங்களே எழுப்பிய அந்த வினா..."

ணங் என்று ஒரு சத்தம். மாமி, பட்டிமன்ற நடுவர் மணியடிப்பது போல, கரண்டிக் காம்பால் காலி டம்ளரைத் தட்டியிருந்தார். "மணி அடிச்சாச்சு. உக்காரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு திரையைப் பார்த்தபடி, சற்றுக் குரல் தாழ்த்திச் சொன்னார்: "இவாளுக்கெல்லாம் கஷ்டப்பட்டாத்தான் பொழுது போறதுன்னா படட்டும். எனக்குத்தான் விடிஞ்சா வாசல்ல மண்ணு, தண்ணி லாரி, காய்க்காரி, ஃபோன். அங்கயாவது கதவைச் சாத்திண்டு உட்கார்ந்திருந்தேன். அதுல உங்களுக்கு என்னடா போச்சு?"

நண்பன் மேசையின் இழுப்பறையைத் திறந்து பழைய ஃப்ளாப்பிகளைக் கலைத்தான். அடியில் ஒன்று கிடைத்தது. மண் மறைகிற, மூச்சு முட்டாத, இருட்டில் கீரை செழிக்கிற முதல் ஆட்டம் அதில் அப்படியே இருந்தது. அதன் மேல் "அம்மா" என்று எழுதி, செருகி, திறந்தான். ஊறுகாய் அறை உட்பட எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. மாமி பார்த்தார். எண்டரை ஒருமுறை தட்டினார். எல்லாரும் நன்றாக இருந்தார்கள். அதன்பின் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நம்பிக்கை இல்லாத பார்வை.

மூவரும் கேட்க, உரக்க, முன்னுரை இல்லாமல் சொன்னேன்:

"மாமி, உங்க குகையை இனிமே நான் சமன் பண்ண மாட்டேன். வேற எவன் வந்தாலும் பண்ண விடமாட்டேன்."